50 மி.மீ. பிளேட்டில் மூன்றாம் நாள் வந்த கிராக்: எந்தச் சூட்டில் ஹைட்ரஜன் என்ன செய்யும்?

துவாக்குடி ஃபேப் | செவ்வாய், இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். நமக்குச் சின்ன ஷாப், பிரஷர் வெசல் வேலை. இப்போ ஓடுறது 516 கிரேடு 70 கார்பன் ஸ்டீல், ஷெல் (வெசலோட உடம்புச் சுவர்) 50 மி.மீ. அதுல ஒரு பெரிய நாசில், அதாவது பைப் சேர்ற வாய், வெல்டு. ப்ரீஹீட், அதாவது வெல்டுக்கு முன்னாடி கொடுக்குற சூடு, 110 டிகிரி வச்சுத்தான் ஆரம்பிச்சோம், 7018 ராடு (ஹைட்ரஜன் கம்மியா விடுற வெல்டிங் ராடு). வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு கேப்பிங், அதாவது வெல்டோட கடைசி மேல் அடுக்கு, முடிஞ்சுது. பர்னரை எடுத்துட்டோம். அன்னைக்கு நல்ல மழை, நம்ம ஷாப் ஒரு பக்கம் திறந்துதான் இருக்கும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யூடி (ஒலி அலைச் சோதனை) பாத்தோம், எம்டியும் (காந்தத் துகள் சோதனை) போட்டோம். சுத்தம். ரிப்போர்ட்டுல கையெழுத்தும் போட்டுட்டேன்.

திங்கக்கிழமை மத்தியானம் கஸ்டமர் இன்ஸ்பெக்டர் வந்து, இன்னொரு தடவை எம்டி போடுங்க, நான் நேர்ல பாக்கணும்னார். போட்டோம். ஷெல் பக்கத்து டோவை, அதாவது வெல்டு பிளேட்டைச் சந்திக்கிற ஓரத்தை, ஒட்டி 70 மி.மீ.க்கு ஒரு கோடு. வெள்ளை பெயின்ட் மேல கறுப்பு இங்க் தலைமுடி மாதிரி நிக்குது. துடைச்சுட்டு மறுபடி போட்டோம். அதே இடம், அதே நீளம்.

சனிக்கிழமை இல்லாத கிராக் திங்கக்கிழமை எங்க இருந்து வந்துச்சு? நடுவுல அந்த ஜாபை யாரும் தொடல, தூக்கல, திருப்பல. இன்ஸ்பெக்டர் "ஹைட்ரஜன்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டார். எப்படியும் எஸ்ஆர் (ஃபர்னஸ்ல சூடாக்கி உள் இழுவையைத் தளர்த்துறது) போற ஜாப், ஃபர்னஸ்ல 620 டிகிரியில ரெண்டு மணி நேரம் உக்காரப் போகுது, எல்லாம் அதுலயே போயிடும்னு நினைச்சுத்தான் வெல்டு முடிஞ்ச கையோட சூடு கொடுக்குற போஸ்ட் ஹீட் பண்ணல. அந்த நினைப்பு தப்பா? சூடு ஏறினா ஹைட்ரஜனால நல்லதா கெட்டதா? எனக்குப் புரியிற மாதிரி யாராவது சொல்லுங்க.

ரூட் ரன் | செவ்வாய், இரவு 11.05

அண்ணே, முதல்ல ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. ராடை, அதைக் காய வைக்கிற பெரிய மதர் ஓவன்ல இருந்து எடுத்தது சரி. வெல்டர் பக்கத்துல இருந்த போர்ட்டபிள் ஓவன் சூடா இருந்துச்சா? கைய வச்சுப் பாத்தீங்களா? நான் பதினெட்டு வருஷமா ராடு பிடிக்கிறேன். பாதி இடத்துல அந்த ஓவனை ராடு வைக்கிற டப்பாவாத்தான் பாக்குறாங்க, வயர் எங்கயோ கிடக்கும். 7018 மேல இருக்குற பூச்சு ஈரத்தை இழுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ராடும் நல்லாத்தான் எரியும். அந்த ஈரம் ஆர்க்குல உடைஞ்சு ஹைட்ரஜனா உருகின உலோகத்துக்குள்ள போயிடும். சாதா 7018க்கு வெளியில நாலு மணி நேரம்தான் கணக்கு. மழை நாள்ல அதையும் நான் நம்ப மாட்டேன்.

இன்னொண்ணு, பர்னரை எடுத்ததும் மேல ஏதாவது போர்த்தினீங்களா?

கட்பீஸ் | புதன், காலை 7.40

எனக்கென்னவோ இது பிளேட் கோளாறு மாதிரி படுது. 50 மி.மீ. பிளேட்ல லாமினேஷன், அதாவது உள்ள அடுக்குப் பிரிவு, இருந்தா நாசில் வெல்டு இழுக்கும்போது பிரியும். மில் சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்க. வெல்டரையும் ராடையும் குறை சொல்றதுக்கு முன்னாடி அதைப் பாக்கணும்.

உலோகம்67 | புதன், காலை 9.15

கட்பீஸ் சொல்வதை ஒதுக்க வேண்டாம், சர்டிபிகேட்டைப் பாருங்கள். ஆனால் பிளேட் அடுக்கடுக்காகப் பிரிந்தால் கிராக் பிளேட்டுக்குள்ளே, பரப்புக்கு இணையாக, படிக்கட்டு மாதிரி ஓடும். டோவில் நேர்கோடாக நிற்பதும், முதல் நாள் இல்லாமல் மூன்றாம் நாள் வருவதும் ஹைட்ரஜனின் அடையாளம். நாற்பது வருடம் இதே வேலையில் இருந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இது 150 வருடப் பழைய விஷயம். 1875இல் டபிள்யூ. எச். ஜான்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை கொடுத்தார். இரும்புக் கம்பியைச் சில நிமிடம் அமிலத்தில் போட்டு எடுத்து வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. ஒடிந்த முனையை ஈரமாக்கினால் அங்கிருந்து குமிழி குமிழியாக நுரைக்கிறது. அதே கம்பியைச் சில நாள் சும்மா வைத்திருந்தாலோ, லேசாகச் சூடாக்கினாலோ பழைய வளைவு திரும்பி வருகிறது. துவாக்குடி நண்பர் கேட்டதில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது. உள்ளே போனது வெளியே வரும். சூடு அதற்கு வழி திறக்கும். வெளியே வருவதற்குள் இழுத்தால் உடையும்.

இனி கணக்கு. உருகிய இரும்பு 100 கிராம், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் ஹைட்ரஜனைச் சுமார் 27 மி.லி. கரைத்துக்கொள்ளும். உறைந்ததும் அது பாதிக்கும் கீழே விழுகிறது. சிவக்கச் சிவக்க இருக்கும்போது இரும்பின் அணு அடுக்கு ஆஸ்டெனைட் என்ற வகை, அதில் ஓரளவு இடம் உண்டு. ஆறி, ஃபெரைட் என்ற இன்னொரு அடுக்காக மாறும்போது மறுபடி ஒரு வீழ்ச்சி. அறை வெப்பநிலைக்கு வந்தால் ஒரு மி.லி.யில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கொள்ளாது. ஆனால் நன்றாகக் காயவைத்த ராடில் போட்ட வெல்டிலேயே 100 கிராமுக்கு 4, 5 மி.லி. இருக்கும். ஈர ராடு என்றால் 15ஐத் தாண்டும். கொள்ளளவைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு ஹைட்ரஜன் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியேற வழி தேடுகிறது என்று அர்த்தம்.

அது அணுவாகத்தான் நகரும். இரும்பு அணுக்களுக்கு நடுவே உள்ள சந்து அதற்குப் போதும். ஃபெரைட்டில் வேகமாக ஓடும், ஆஸ்டெனைட்டில் மிக மெதுவாகத்தான் நகரும். இதில்தான் உங்கள் டோ கிராக்கின் கதை இருக்கிறது. வெல்டு உலோகத்தில் கார்பன் குறைவு, ஆகையால் ஆறும்போது அது முதலில் ஃபெரைட்டாகிறது. பக்கத்தில் உருகாமல் சூடு மட்டும் பட்ட பகுதி, நீங்கள் எச்ஏஇசட் என்பீர்களே, அது பிளேட்டின் கார்பனோடு இன்னும் ஆஸ்டெனைட்டாகவே நிற்கிறது. வெல்டு தன்னிடம் கொள்ளாத ஹைட்ரஜனை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. பிறகு எச்ஏஇசட்டும் ஆறுகிறது. 50 மி.மீ. பிளேட் சூட்டை நாலாபுறமும் உறிஞ்சுவதால் வேகமாக ஆறி மார்ட்டென்சைட் ஆகிறது. கெட்டியான, வளையாத பகுதி. அதற்குள் ஹைட்ரஜன். அதே இடத்தில் வெல்டு சுருங்கும் இழுவை, டோவின் வடிவம் வேறு ஒரு கீறல் போல. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன.

நாலாவதாக வேண்டியது வெப்பநிலை. இந்த வகைக் கிராக் சுமார் 200 டிகிரிக்குக் கீழேதான் வரும். மிக மோசமான இடம் நாம் நின்று வேலை பார்க்கிற 20, 30 டிகிரி. அதனால்தான் இதைக் கோல்டு கிராக் என்கிறோம்.

எம்டெக் இரண்டாம் ஆண்டு | புதன், மதியம் 1.30

சார், அந்தக் கடைசி வரிதான் எனக்கு ரொம்ப நாளா இடிக்குது. சாதாரணமா ஸ்டீல் குளிர்ந்தா நொறுங்கும், சூடானா வளையும். ஹைட்ரஜன் மட்டும் ஏன் நடுவுல ஒரு இடத்தைப் பிடிச்சுக்குது? இன்னும் குளிர்ச்சியில கொண்டுபோனா இன்னும் மோசமாகணுமே?

லேப்ல நான் பார்த்ததையும் சொல்றேன். சின்ன டெஸ்ட் பீஸ் மேல ஒரு பீடு, அதாவது ஒரு வரி வெல்டு, போட்டு, உடனே ஐஸ் தண்ணியில முக்கி, துடைச்சு, 45 டிகிரி கிளிசரின் நிறைஞ்ச கண்ணாடிக் குழாய்க்குள்ள விட்டோம். முதல்ல ஒண்ணும் தெரியல. கண்ணு பழகினதும் பீடோட ஓரத்துல கடுகு அளவுகூட இல்லாத குமிழி ஒண்ணு உக்காந்திருந்துச்சு. கொஞ்சம் பெருசாகி, கழண்டு, கிளிசரின் கெட்டியா இருக்கிறதால மெதுவா மேல ஏறுச்சு. அதே புள்ளியில அடுத்தது. 48 மணி நேரம் அப்படியே விட்டு, குழாயோட மேல்முனையில சேர்ந்த வாயுவை அளந்தோம். இப்போ மெர்குரி, கேஸ் குரோமட்டோகிராஃப் முறையெல்லாம் இதைவிடத் துல்லியம்னு தெரியும். ஆனா திடமான இரும்புக்குள்ள இருந்து ரெண்டு நாளா ஒண்ணு வெளிய வந்துட்டே இருக்குன்னு கண்ணால பார்த்தது அன்னைக்குத்தான்.

உலோகம்67 | புதன், மாலை 6.50

அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. அந்தக் குமிழி ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப வந்தது என்றீர்களே, அதையே பிடித்துக்கொண்டு போவோம்.

கிராக் வர ஹைட்ரஜன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். இழுவை அதிகமுள்ள இடத்துக்கு நடந்து போக வேண்டும். போன இடத்தில் தங்க வேண்டும். தங்குமிடங்கள் ஸ்டீலுக்குள் நிறைய உண்டு: டிஸ்லொகேஷன்கள் (அணு வரிசைப் பிசகுகள்), கிரெய்ன் எல்லைகள் (உலோகப் படிகங்கள் சந்திக்கும் ஓரங்கள்), மாங்கனீஸ் சல்ஃபைடு துகள்களின் ஓரங்கள். சிலவற்றில் பிடி தளர்வு, லேசான சூட்டிலேயே விட்டுவிடும். டைட்டானியம் கார்பைடு போன்றவை இறுகப் பிடிக்கும், எளிதில் விடாது. உங்கள் புள்ளி அப்படி ஏதோ ஒன்றின் வாசலாக இருக்கலாம்.

200 டிகிரிக்கு மேல் தளர்ந்த பிடிகள் எல்லாம் கழன்றுவிடுகின்றன. ஹைட்ரஜன் எங்கும் நிற்காமல் ஓடுகிறது, பரப்பை எட்டியதும் இரண்டு அணு சேர்ந்து வாயுவாகிப் போய்விடுகிறது. திரவ நைட்ரஜன் குளிர்ச்சியில், அதாவது மைனஸ் 196இல், அது இருந்த இடத்திலேயே உறைந்துவிடுகிறது. நகர முடியாததால் கிராக்கின் முனைக்குப் போய்ச் சேர முடிவதில்லை. அங்கே ஸ்டீல் நொறுங்கினால் அது குளிரின் வேலை, ஹைட்ரஜனின் வேலை அல்ல. நடுவில் அறை வெப்பநிலையில் மட்டும் நடக்கவும் முடிகிறது, தங்கவும் முடிகிறது.

இதே காரணத்தால்தான் சார்பி சோதனையில் ஹைட்ரஜன் பெரும்பாலும் அகப்படாது. சுத்தியல் அடிக்கும் கண நேரத்தில் அதற்கு நடக்க அவகாசம் இல்லை. அதே ஸ்டீலை மெதுவாக, பல மணி நேரம் இழுத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

போய்ச் சேர்ந்தபின் என்ன செய்கிறது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. 1941இல் ஜாப்ஃப், சிம்ஸ் இருவரும் உள்ளே வாயுவாகச் சேர்ந்து அழுத்தம் ஏற்றுகிறது என்றார்கள். 1960இல் ட்ரோயானோ அணுக்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது என்றார். 1972இல் பீச்செம், இல்லை, அது டிஸ்லொகேஷன்களை அந்த இடத்தில் எளிதாக ஓடவிட்டுக் குழிபறிக்கிறது என்றார். ஸ்டீலைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஓரளவு உண்மை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு விதிவிலக்கு. 304 மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஹைட்ரஜன் பாதிப்பின் உச்சம் அறை வெப்பநிலையில் இல்லை, மைனஸ் 50 முதல் மைனஸ் 70 டிகிரி பக்கம் வருகிறது. அந்தக் குளிரில் இழுக்கும்போது ஆஸ்டெனைட் மார்ட்டென்சைட்டாக மாறத் தொடங்குவதுதான் காரணம். குளிரூட்டிய ஹைட்ரஜனோடு வேலை செய்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

துவாக்குடி ஃபேப் | புதன், இரவு 9.10

ஐயா, ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன். ரூட் ரன் தம்பி கேட்டதுக்கு இன்னைக்குத்தான் பதில் கிடைச்சுது. வெல்டரைக் கூப்பிட்டுத் திட்டாம உக்கார வச்சுக் கேட்டேன். கிரைண்டருக்குப் பாயின்ட் பத்தலைன்னு போர்ட்டபிள் ஓவன் பிளக்கைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கழட்டியிருக்காங்க. எட்டு மணி வரைக்கும் அந்த ராடுலதான் வெல்டு போட்டிருக்கு. ஃபில்லிங்ல பாதியும் கேப்பிங் முழுக்கவும். கேப்பிங் முடிஞ்சதும் ஒண்ணும் போர்த்தல. சாரல் நேரா ஜாப் மேல அடிச்சிருக்கு. பையன் மறைக்காமச் சொல்லிட்டான். தப்பு அவன் மேல இல்ல. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிப் போடாதது நான்.

மில் சர்டிபிகேட்டும் பாத்தேன், கட்பீஸ். கார்பன் 0.21, மாங்கனீஸ் 1.15. பிளேட்ல கோளாறு தெரியல. கார்பன் ஈக்விவலன்ட், அதாவது ஸ்டீல் எவ்வளவு கெட்டிப்படும்னு காட்டுற கணக்கு, 0.43 வருது.

இப்போ என் கேள்வி: கிராக்கைக் கௌஜ் பண்ணி, அதாவது உருக்கித் தோண்டி, எடுத்துட்டு மறுபடி போடணும். எஸ்ஆர் ஃபர்னஸ் அடுத்த வாரம்தான் கிடைக்கும். நடுவுல என்ன பண்றது?

ரூட் ரன் | புதன், இரவு 10.00

அண்ணே, எடுக்கும்போதும் ப்ரீஹீட் வேணும், கௌஜிங்கும் சூடுதான். கிராக்கோட ரெண்டு முனையையும் தாண்டிக் கொஞ்சம் எடுங்க, கிரைண்ட் பண்ணி எம்டி போட்டு சுத்தம்னு தெரிஞ்ச பிறகுதான் ராடைத் தொடணும். ப்ரீஹீட் இந்தத் தடவை 130, 140 வைங்க. டெம்ப் சாக்கை (குறிப்பிட்ட சூட்டுல உருகுற சாக்பீஸ்) ஜாயின்ட்ல இருந்து 75 மி.மீ. தள்ளி, முடிஞ்சா சூடு காட்டாத பக்கத்துல போட்டுப் பாருங்க. தீ பட்ட பக்கம் மேல்தோல் சீக்கிரம் சூடாயிடும், உள்ள பச்சையா இருக்கும். ராடு ஓவன்ல வேகட்டும், 350ல ரெண்டு மணி நேரம். ஈரமான ராடைத் திரும்ப ஒரு தடவைதான் வேக வைக்கலாம், ரெண்டாவது தடவைன்னா தூக்கிப் போடுங்க.

கட்பீஸ் | புதன், இரவு 10.25

பிளேட்டைச் சந்தேகப்பட்டது தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா 309 ஸ்டெயின்லெஸ் ராடு போட்டா இந்தத் தலைவலி இருக்காதே? ப்ரீஹீட்கூட அவ்வளவு வேண்டாம்.

உலோகம்67 | வியாழன், காலை 8.30

309 போட்டால் வெல்டு உலோகம் ஆஸ்டெனைட்டாகவே நிற்கும், ஹைட்ரஜனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், எச்ஏஇசட்டுக்குத் தள்ளாது. வயலில் உடைந்த டிராக்டர் பாகத்துக்கு நல்ல உபாயம். எஸ்ஆர் போகிற பிரஷர் வெசலுக்கு ஆகாது. விரிவு விகிதம் வேறு, 620 டிகிரியில் இணைப்புக் கோட்டில் கார்பன் இடம்பெயரும். WPS, அதாவது வெல்டு செய்முறை ஆவணம் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது.

துவாக்குடி நண்பர் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் எண்ணத்தில் பாதி சரி. 620 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்தால் ஹைட்ரஜன் போய்விடும், மார்ட்டென்சைட்டும் பதப்பட்டுவிடும், இழுவையும் தளரும். ஆனால் ஜாப் ஃபர்னஸுக்குப் போவதற்கு முன்னால் ஒரு முறை 30 டிகிரிக்கு இறங்கி, அங்கேயே பல நாள் காத்திருக்கிறது. கிராக் வருவது அந்தக் காத்திருப்பில். வந்த கிராக்கை ஃபர்னஸ் ஒட்டவைக்காது.

வழி இரண்டு. ஒன்று, வெல்டு முடிந்ததிலிருந்து ஃபர்னஸ் வரை ப்ரீஹீட் சூட்டைக் கீழே விடாமல் பிடித்து வைப்பது. அடுத்த வாரம் வரை அது உங்களால் ஆகாது. இன்னொன்று, கடைசி ராடு முடிந்ததும் ஆறவிடாமல் அப்படியே 300, 350 டிகிரிக்கு ஏற்றி, இரண்டு முதல் நாலு மணி நேரம் நிறுத்தி, போர்த்தி மெதுவாக இறக்குவது. இது மார்ட்டென்சைட்டைச் சரிசெய்யாது. ஹைட்ரஜனை மட்டும் வெளியேற்றும். அதுவே போதும்.

நேரத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், வெளியேற ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. 25 மி.மீ. ஜாபை அறை வெப்பநிலையில் விட்டால் வாரங்கள், சில ஸ்டீலில் மாதங்கள்கூட ஆகும். 300 டிகிரியில் அது மணிக்கணக்கு. வெயிலில் கிடத்தினால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். 50 டிகிரி வெயிலால் இந்தத் தடிமனில் ஒன்றும் ஆகாது.

போல்ட் கோவை | வியாழன், காலை 11.20

வெல்டு நமக்குத் தெரியாதுங்க. ஆனா இதே ஹைட்ரஜன் எங்க பிளேட்டிங் பட்டறையிலயும் உக்காந்திருக்கு. 12.9 கிரேடு, ரொம்பக் கெட்டியான ஆலன் போல்ட்டை ஆசிட்ல முக்கி, ஜிங்க் ஏத்துவோம். ரெண்டு இடத்துலயும் ஹைட்ரஜன் உள்ள போகும். ஏத்தி முடிச்ச நாலு மணி நேரத்துக்குள்ள ஓவன்ல போட்டு 200 டிகிரி பக்கம் பல மணி நேரம் வைக்கணும். அதுக்கு மேல சூடு ஏத்தினா போல்ட்டோட கெட்டித்தன்மை போயிடும், கோட்டிங்கும் கெடும். அதனால சூட்டைக் கூட்டாம நேரத்தைக் கூட்டுறோம். ஜிங்க் தோலே ஹைட்ரஜனுக்கு ஒரு மூடி மாதிரி, அது வேற தடுக்கும்.

ஒரு பார்ட்டி வேக வைக்கிற காசைக் குறைச்சுக்கோன்னு நின்னாங்க. நான் பண்ண மாட்டேன்னேன், வேற பட்டறைக்குப் போனாங்க. மூணு மாசம் கழிச்சு உடைஞ்ச போல்ட்டைக் கையில எடுத்துட்டு வந்தாங்க. டைட் வச்சது சாயங்காலம், காலைல வந்து பாத்தா தலை தனியா தரையில கிடந்திருக்கு. உடைஞ்ச இடம் சர்க்கரை மாதிரி மினுமினுன்னு இருந்துச்சுங்க. அடியில யாராவது நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இன்னைக்கும் பதறுது.

கடல் தாண்டி | வியாழன், மாலை 4.45

போல்ட் கோவை சொன்னது பெரிய பாலத்திலேயே நடந்திருக்கு. சான் பிரான்சிஸ்கோ ஓக்லாண்ட் பே பிரிட்ஜோட புதுக் கிழக்குப் பகுதி. 2013 மார்ச்ல 3 அங்குல விட்டமுள்ள, கால்வனைஸ் பண்ணின 96 ஆங்கர் ராடுகளை இழுத்து முறுக்கினாங்க. சில நாள்லயே 32 உடைஞ்சுது. மாத்த முடியாத இடம், தற்காலிகமா ஷிம் தகடு வச்சு செப்டம்பர்ல பாலத்தைத் திறந்தாங்க, அந்த ராடுகளுக்குப் பதிலா இரும்புச் சேணம் ஒண்ணைச் செஞ்சு பூட்டி முடிச்சது டிசம்பர்லதான்.

நான் வளைகுடாவுல ஒரு ரிஃபைனரியில இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன். இந்த இழையைப் படிக்கிறவங்க "சூடு ஏத்தினா ஹைட்ரஜன் போயிடும்"கிறதை எல்லா இடத்துக்கும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுங்கிற பயத்துலதான் எழுதுறேன். வெளிய ஹைட்ரஜன் இல்லாத வரைக்கும்தான் அது உண்மை. வெளியவே அழுத்தத்தோட ஹைட்ரஜன் இருந்தா, சூடு அதை உள்ள தள்ளும்.

200 டிகிரிக்கு மேல அழுத்த ஹைட்ரஜன்ல கார்பன் ஸ்டீல் இருந்தா கதை மாறிடுது. ஹைட்ரஜன் ஸ்டீலோட கார்பனைத் தேடிப் போகும். சிமென்டைட்டோட (இரும்புக் கார்பைடு) சேர்ந்து மீத்தேன் உண்டாகும். ஹைட்ரஜன் சின்னது, வெளிய வரும். மீத்தேன் பெருசு, வராது. கிரெய்ன் எல்லையில சேர்ந்து சேர்ந்து அழுத்தம் ஏறி, நுண்ணிய ஓட்டைகளாகி, அவை ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கிராக்காகும். இந்தப் பாதிப்பு திரும்பாது. ஜான்சனோட கம்பி மாதிரி வேக வச்சு மீட்க முடியாது, கார்பனே போயிடுச்சு.

2010 ஏப்ரல் 2, அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல அனகோர்ட்டஸ் ஊர்ல டெசோரோ ரிஃபைனரி. நாப்தா யூனிட்ல கார்பன் ஸ்டீல் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒண்ணு நள்ளிரவுக்குப் பிறகு வெடிச்சுது. ஏழு பேர் இறந்துட்டாங்க. பக்கத்து எக்ஸ்சேஞ்சர்களைச் சுத்தம் பண்ணித் திரும்ப ஓட்டத்துக்குக் கொண்டுவர்ற நேரம், அதனால்தான் அங்க அத்தனை பேர் நின்னாங்க. விசாரிச்ச சிஎஸ்பி (அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம்) 2014ல கொடுத்த அறிக்கையில காரணம் இதே மீத்தேன் தாக்குதல். எங்களை உலுக்கின விஷயம் வேற. அந்தக் கருவி நெல்சன் வளைவுக்கு (எந்தச் சூடு, எந்த ஹைட்ரஜன் அழுத்தம் வரைக்கும் ஸ்டீல் தாங்கும்னு காட்டுற கோடு) கீழதான், அதாவது பாதுகாப்புன்னு எல்லாரும் நம்பின பகுதியிலதான் ஓடியிருக்கும்னு கணக்கு சொல்லுச்சு. வெல்டுக்கு எஸ்ஆர் பண்ணாத கார்பன் ஸ்டீல் அது. 2016ல வந்த ஏபிஐ 941, அதாவது அந்த வளைவுகள் இருக்கிற வழிகாட்டி நூலோட பதிப்புல எஸ்ஆர் பண்ணாத கார்பன் ஸ்டீலுக்குன்னு தனியா, கீழ ஒரு வளைவு சேர்த்தாங்க.

அதனால துவாக்குடி அண்ணனுக்கு: உங்க எஸ்ஆர் வெறும் சடங்கு இல்ல. அது போற இடத்துல யாரோ பக்கத்துல நின்னு வேலை பாப்பாங்க.

எம்டெக் இரண்டாம் ஆண்டு | வியாழன், இரவு 8.15

ஏழு பேர். படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. பாடத்துல ஒரு வளைவா மட்டும் பார்த்தது.

ஒரு சந்தேகம்: இதுக்கு என்ன ஸ்டீல் போடுவாங்க? கார்பனே இல்லாத இரும்பா?

உலோகம்67 | வியாழன், இரவு 9.40

உங்கள் கேள்வியைத்தான் கார்ல் பாஷ் கேட்டார். ஹேபர் கண்டுபிடித்த அம்மோனியா முறையைப் பெரிய அளவில் செய்ய ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் அவர் இறங்கியபோது, சோதனை உலைக் குழாய்கள் 80 மணி நேரம் ஓடியதும் வெடித்தன. அறுத்துப் பார்த்தால் உள் சுவரில் கார்பன் போயிருந்தது. கடல் தாண்டி சொன்ன அதே கதை, நூறு வருடத்துக்கு முன்னால். 1911இல் அவர் எடுத்த முடிவை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை கூடுகிறது. ஹைட்ரஜனைத் தடுப்பதை விட்டுவிட்டு, அதற்கு வழி கொடுத்தார். உள்ளே கார்பன் குறைந்த மெல்லிய இரும்புக் குழாய், அது மென்மையானது, அழுத்தம் தாங்காது. வெளியே வலுவான ஸ்டீல் உறை, அதில் சிறு சிறு துளைகள். உள் குழாயைத் தாண்டி வரும் ஹைட்ரஜன் துளை வழியே போய்விடும், வெளி உறையை அழுத்தத்தோடு தொடாது. 1913இல் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. உரம் விலை பேசும் ஒவ்வொரு விவசாயிக்கும் அந்தத் துளைகளோடு சம்பந்தம் உண்டு.

இப்போது செய்வது வேறு. குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்தால் கார்பன் அவற்றோடு இறுகிக்கொள்ளும், ஹைட்ரஜனிடம் எளிதில் போகாது.

கடல் தாண்டி | வெள்ளி, காலை 6.30

ஆமா ஐயா, எங்க ஹைட்ரோகிராக்கர் ரியாக்டர் 2.25 குரோம் 1 மாலிதான், வனேடியமும் உண்டு, உள்ள 347 ஸ்டெயின்லெஸ் ஓவர்லே, அதாவது உள்சுவர் மேல போட்ட வெல்டு அடுக்கு. 400 டிகிரியில ஓடும்போது சுவர் சில பிபிஎம் ஹைட்ரஜனை உறிஞ்சி வச்சிருக்கும். அந்தச் சூட்டுல அதனால பிரச்சினை இல்லை. பயம் எல்லாம் ஷட்டவுன்லதான். சட்டுனு ஆறவிட்டா ஹைட்ரஜன் வெளியேற நேரம் இருக்காது. ஃபெரைட்டுக்குள்ள வேகமா ஓடி வந்தது ஓவர்லே எல்லையில வந்து தேங்கிடும். அங்கயே பிரிஞ்சு போகும். அதனால ஹைட்ரஜன் அழுத்தத்தை முதல்ல இறக்கி, சூட்டுலயே பல மணி நேரம் நிறுத்தி, சுவர்ல இருக்கிறதை வெளியேத்திட்டுத்தான் படிப்படியா ஆற விடுவோம். புரொடக்‌ஷன்காரங்க ஒவ்வொரு தடவையும் இந்த மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேப்பாங்க. நான் ஒரு தடவைகூட விட்டுக் கொடுத்ததில்ல. துவாக்குடி அண்ணனோட 300 டிகிரி போஸ்ட் ஹீட்டும் எங்க ஷட்டவுன் நிறுத்தமும் ஒரே வேலைதான்.

துவாக்குடி ஃபேப் | அடுத்த புதன், இரவு 7.50

எல்லாருக்கும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். கிராக் 9 மி.மீ. ஆழம் போயிருந்துச்சு. ரெண்டு முனையையும் 50 மி.மீ. தாண்டி எடுத்தோம். கிரைண்ட் பண்ணி எம்டி, சுத்தம். ப்ரீஹீட் 140, செராமிக் பேட் வாடகைக்கு எடுத்து ரெண்டு பக்கமும் கட்டினேன். ராடு 350ல வெந்து நேரா சூடான போர்ட்டபிள் ஓவனுக்கு. அதுக்குன்னு தனி பிளக் பாயின்ட் போட்டாச்சு, மேல சிவப்புப் பெயின்ட்ல எழுதியும் வச்சிருக்கேன். இந்தத் தடவையும் அதே வெல்டர்தான். அவனே வேணும்னு நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு வெல்டு முடிஞ்சுது. பேடைக் கழட்டாம 320க்கு ஏத்தி மூணு மணி நேரம். ராத்திரி முழுக்கக் கம்பளி போர்த்தி இருந்துச்சு, காலைல ஆறு மணிக்குத் தொட்டா இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. நான் அங்கயேதான் படுத்திருந்தேன்.

48 மணி நேரம்னு இன்ஸ்பெக்டர் சொன்னார், நான் 72 விட்டேன். இன்னைக்கு மத்தியானம் அவர் முன்னாடி எம்டி, யூடி ரெண்டும். வெள்ளை பெயின்ட் வெள்ளையாவே இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலை ஃபர்னஸ்.